தண்ணீர் செதுக்கிய பாலை

அமெரிக்க ஆற்றுக்குடைவு நாட்டில் ஒரு மோட்டார்ச் சைக்கிள் பயணம்

பாலை என்றதும் மணற்குன்றும் ஒட்டகமும் ஈச்ச மரமுமே நம் மனக்கண்முன் வந்து நிற்கின்றன. பள்ளிப் புத்தகங்களிலே நாம் கண்ட பாலை அரேபியாவின் பாலை; சகாராவின் பாலை. நம் பழந்தமிழ்ப் புலவர் கண்ட பாலையோ வேறு. பாலைக்கென ஒரு தனி நிலம் அவர்களுக்கு இல்லை. மழை பொய்த்து வெயில் முறுகியவிடத்துக் குறிஞ்சியும் முல்லையுமே தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது அவர்கள் கொள்கை. ஐக்கிய அமெரிக்க நாடுகளின் தென்மேற்கிலே கொலராடோ மேட்டுநிலம் என வழங்கும் பெரும்பரப்பைக் கண்டவர்க்கு இக்கொள்கையின் உண்மை எளிதிற் புலப்படும். அங்கே மலையுண்டு, காடுமுண்டு, ஆறுமுண்டு. இருந்தும் அது பாலை.

யூட்டா, அரிசோனா, கொலராடோ, நியூ மெக்சிக்கோ என்னும் நான்கு மாநிலங்களிற் பரந்து கிடக்கும் அம்மேட்டுநிலம் ஏறக்குறைய 130,000 சதுர மைல் விரிவுடையது. நம் இலங்கைத் தீவு ஐந்தினை அதனுள் அடக்கலாம். அதனை ஊடறுத்துச் செல்கின்றது கொலராடோ ஆறு. ரொக்கி மலைகளின் பனியிலே பிறந்து, 1,450 மைல் தூரம் வளைந்து நெளிந்து, மெக்சிக்கோ நாட்டினூடாகக் கலிபோர்னியா வளைகுடாவை நாடுவது அது. நிலம் உயர்ந்து நின்றமையால் ஆற்றுக்கு வேகம் மிகுந்தது. வேகம் மிகுந்த ஆறு மணலையும் பரலையும் உருட்டிச் சென்றது. தண்ணீர் வாளாயிற்று, மணல் அதன் பற்களாயிற்று. அவ்வாள் இலட்சக்கணக்கான ஆண்டுகளாக அறுத்த செங்குத்தான பள்ளங்களையே நம் புவியியல் நூல்கள் ஆற்றுக்குடைவு என்கின்றன.

இந்த நாட்டை மோட்டார்ச் சைக்கிளிலே சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு ஓர் ஓகஸ்ட் விடுமுறையிலே நமக்குக் கிடைத்தது. பேராதனையில் நம்மோடு ஒருங்கு பயின்ற நண்பர் ஒருவர், நீர்ப்பாசனப் பொறியியலாளராகக் கொலராடோ மாநிலத்தில் நெடுங்காலமாக வாழ்கின்றார். அவர் வண்டியை ஓட்ட, நாம் பின்னிருக்கையில் அமர்ந்து, யூட்டாவின் மோவாப் நகரிலிருந்து அரிசோனாவின் பெரும் ஆற்றுக்குடைவு வரை, நானூறு மைலுக்குச் சற்று மேற்பட்ட வழியை நான்கு நாளிலே கடந்தோம். அங்கே கண்டனவற்றுள் சிலவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

வண்டியும் வெயிலும்

நண்பருடைய வண்டி 1200 சி.சி. இயந்திரம் பூட்டியது. யாழ்ப்பாணத்திலே நாம் நாடோறும் கல்லூரிக்குச் செல்லும் ஹொண்டாவை அதன் பக்கத்தில் நிறுத்தினால், தாய்ப்பசுவின் பக்கத்தில் நின்ற கன்றாகவே தோன்றும். காரிலே போகலாமே என்று வீட்டார் கேட்டனர். காரிலே போகிறவன் நாட்டைப் படமாகப் பார்க்கிறான். மோட்டார்ச் சைக்கிளிலே போகிறவன் அதற்குள்ளேயே இருக்கிறான் என்பது நண்பரின் விடை. அது மெய்யே. மழைவிழுந்த மண்ணின் மணமும், ஒரு குன்றின் நிழலுக்குள் நுழைந்ததும் பட்டெனக் குறையும் வெம்மையும், பாறைச்சுவர்களிற் பட்டுத் திரும்பும் இயந்திரத்தின் ஓசையும் கண்ணாடிக்குப் பின்னே இருப்பவர்க்குக் கிட்டுவனவல்ல.

ஆனால் வெயிலை மதியாதவர் அந்நாட்டிற் காலடி வைத்தலாகாது. ஓகஸ்ட் மாதத்திலே மோவாப் நகரில் நண்பகல் வெப்பம் 38 பாகை செல்சியஸ் வரை ஏறும். நம்மூரிலே வியர்வை சட்டையை நனைத்து, தாகம் வந்ததை முன்னரே அறிவிக்கும். அங்கே வியர்வை வெளிப்படுமுன் உலர்ந்த காற்று அதனைக் குடித்துவிடும். தோல் உலர்ந்தே இருக்கும். உடம்போ உள்ளே நீரிழந்துகொண்டிருக்கும். வேகமாகச் சென்றால் காற்றுப்பட்டு உடல் குளிருமென்று எண்ணுவோரும் உளர். காற்றின் வெம்மை உடம்பின் வெம்மையை விஞ்சிவிட்டால் அந்தக் கணக்குப் பிழைத்துவிடும். அடுப்பு வாயிலில் முகத்தைக் கொடுத்ததுபோலவே இருக்கும். ஆகவே கைகால்களை முழுதும் மூடிய தடித்த உடையும் தலைக்கவசமும் கையுறையும் அணிந்து, உள்ளே நனைத்த பருத்திச் சட்டையோடு பயணஞ் செய்தோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு கலன் தண்ணீர் வேண்டும் என்பது அங்குள்ள தேசியப் பூங்காக்களின் அறிவுரை. பெற்றோல் நிலையங்கள் அருகிய வழியாதலால், கண்டவிடத்திலெல்லாம் நண்பர் தாங்கியை நிரப்பிக்கொண்டார். வண்டியை நிறுத்தும்போது தாங்குகாலின் கீழ் ஒரு தட்டைக்கல்லை வைப்பது அவர் வழக்கம். வெயிலில் இளகிய தாரிலும் தளர்ந்த மணலிலும் தாங்குகால் புதைந்து, கனத்த வண்டி சாய்ந்துவிடுமாம்.

உப்பின்மேல் எழுந்த வளைவுகள்

மோவாப் நகரின் அருகே வளைவுகள் தேசியப் பூங்கா இருக்கின்றது. செந்நிற மணற்பாறையிலே இயற்கை குடைந்த வாயில்கள் 2,000க்கு மேல் அங்கே உள்ளன. ஏதேனும் ஒரு திசையில் மூன்றடியாவது திறந்திருந்தாலன்றி அதனை வளைவென்று கணக்கிற் சேர்ப்பதில்லை. மூன்றடித் துவாரத்திலிருந்து, முந்நூறடிக்குச் சற்றேறக்குறைய அகன்று, பாறை நாடாவைப்போல அந்தரத்தில் நிற்கும் 'லான்ட்ஸ்கேப்' வளைவு வரை பல அளவின அவை.

இவற்றின் பிறப்பு வியப்பானது. முப்பது கோடி ஆண்டுகளுக்குமுன் அவ்விடத்தை மூடியிருந்த கடல் வற்றி, தடித்த உப்புப் படையை விட்டுச் சென்றது. அதன்மேல் மணலும் சேறும் படிந்து பாறையாயின. பாரம் அழுத்த, உப்பு மெல்ல நழுவிப் புடைத்தது. மேலிருந்த பாறை வெடித்து, அடுக்கி வைத்த புத்தகங்களைப் போன்ற மெல்லிய சுவர்களாயிற்று. அச்சுவர்களிலே மழைநீர் கசிந்து மணலைப் பிணைத்திருந்த பசையைக் கரைக்க, குளிர்காலத்திலே அந்நீர் உறைந்து பருத்துப் பாறையைப் பிளக்க, துவாரம் தோன்றிற்று, துவாரம் வளைவாயிற்று. ஆண்டிலே பத்து அங்குல மழைகூடப் பெய்யாத இடத்திலே இத்தனை சிற்பமும் தண்ணீரின் கைவேலையே.

சிற்பி தன் வேலையை இன்னும் நிறுத்தவில்லை. 1991 ஆம் ஆண்டிலே 'லான்ட்ஸ்கேப்' வளைவின் அடிப்புறத்திலிருந்து 60 அடி நீளமான பாளமொன்று பெயர்ந்து விழுந்தது. 2008 ஆம் ஆண்டு ஓகஸ்டிலே 'வோல்' வளைவு ஓரிரவில் இடிந்து மண்ணாயிற்று. மலைபோல் நிலைத்தது என்று நாம் வழங்கும் உவமையை அங்கே சற்றுத் தயங்கியே சொல்லவேண்டும்.

மோவாப் நகருக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1952 இலே சாள்ஸ் ஸ்டீன் என்பவர் அதன் தென்கிழக்கே யுரேனியம் செறிந்த சுரங்கமொன்றைக் கண்டுபிடித்தார். அணுகுண்டுப் போட்டி முற்றிய காலம் அது. பழத்தோட்டக் கிராமம் ஒரு சில ஆண்டுகளிலே சுரங்க நகரமாயிற்று. தாதுவைப் பிரித்தபின் எஞ்சிய நச்சுக்கழிவு 1 கோடி 60 இலட்சம் தொன் கொலராடோ ஆற்றின் கரையிலேயே குவிக்கப்பட்டது. கோடிக்கணக்கான மக்கள் குடிக்கும் ஆறு அது! அக்குவியலைப் புகையிரதத்தில் ஏற்றி, முப்பது மைலுக்கு அப்பாற் புதைக்கும் வேலை 2009 இலேதான் தொடங்கிற்று.

மேசையிலிருந்து இறங்கும் பாதை

தெற்கே செல்லச் செல்ல, உச்சி தட்டையாகவும் பக்கங்கள் செங்குத்தாகவும் உள்ள குன்றுகள் மிகுகின்றன. ஸ்பானியர் அவற்றை 'மேசா' என்றனர். போர்த்துக்கீசரிடமிருந்து நாம் கடன்வாங்கி, நம் வீட்டுச் சொல்லாகவே ஆக்கிக்கொண்ட 'மேசை'யும் அதே சொல்லே. நாம் எழுதும் பலகைக்கும் அமெரிக்கப் பாலைவனக் குன்றுக்கும் பெயர் ஒன்றாயிருத்தல் மாணவர்க்குச் சுவைதரும் செய்தியாகும்.

அவற்றுள் ஒன்றான சீடர் மேசையின் பாறை இடுக்குகளிலே, பழைய புவெப்லோ மக்கள் கட்டிய கல்வீடுகளும் தானியக் களஞ்சியங்களும் இன்றும் நிற்கின்றன. சோளமும் அவரையும் பூசணியும் பயிரிட்டு வாழ்ந்த அம்மக்கள், 13 ஆம் நூற்றாண்டின் இறுதியிலே அப்பகுதியை விட்டுத் தெற்கே பெயர்ந்தனர். 1276 முதல் 1299 வரை கொடிய வறட்சி நிலவியதை மரங்களின் ஆண்டுவளையங்கள் காட்டுகின்றன. பூசலும் பிற காரணங்களும் இருந்திருக்கலாமாயினும், வறட்சியே அவர்களைத் தள்ளிய பெருங்கை என்பர் ஆராய்ச்சியாளர். அவர்கள் அழிந்துவிடவில்லை; ஹோப்பி, சூனி முதலிய இனத்தவராக அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். விளைநிலம் பாலையாய்த் திரிந்ததனால் மக்கள் பிரிந்து சென்ற கதை தமிழருக்குப் புதிதன்று. நம் பாலைத்திணையின் உரிப்பொருள் பிரிவுதானே.

சீடர் மேசையின் தென்விளிம்பிலே தார்வீதி திடீரென முடிவடைகின்றது. அதற்கப்பால் ஆயிரத்து நூறடி ஆழத்திலே பாலை கடல்போல் விரிந்து கிடக்கின்றது. மலைமுகத்தை வெட்டி அமைத்த மூன்று மைல் சரளைப் பாதையொன்று, கொண்டையூசி வளைவுகளாய் மடங்கி மடங்கிக் கீழிறங்குகின்றது. 'மோக்கி டக்வே' என்று பெயர். யுரேனியத் தாதுவை லொறிகளிலே இறக்குவதற்காக 1950களில் வெட்டப்பட்ட பாதை அது. பாரமேற்றிய வண்டியைச் சரளையில் இறக்குவதற்கு ஒரு முறையுண்டு. தாழ்ந்த கியரிலே இயந்திரமே வண்டியைப் பிடிக்க விடவேண்டும். முன்பிறேக்கை இறுக்கினால் சக்கரம் வழுக்கும். பின்னிருப்பவர் வளைவுதோறும் ஓட்டுநரோடு ஒத்துச் சாயவேண்டுமேயன்றி, பள்ளத்துக்கு அஞ்சி மறுபக்கஞ் சாய்தலாகாது. மூன்று மைலைக் கடக்க இருபத்தைந்து நிமிடஞ் சென்றது. அவ்வளவு நேரமும் நண்பர் ஒரு சொல்லும் பேசவில்லை; நாமும் பேச்சுக் கொடுக்கவில்லை.

காய்ந்த ஓடையின் கரையில்

அடிவாரத்திலே 'தேவர்கள் பள்ளத்தாக்கு' என்னும் இடமிருக்கின்றது. கோபுரங்களென நிற்கும் செம்பாறைகளைச் சுற்றிப் பதினேழு மைல் மண்பாதையுண்டு. அதனூடே செல்வதற்கு எண்ணியிருந்தோம். முதலிரண்டு மைலைக் கடந்ததும் குறுக்கே ஓர் ஓடை வந்தது. பாலம் இல்லை. பாதை ஓடையின் படுக்கையில் இறங்கி மறுகரையில் ஏறிற்று. படுக்கையிலே ஒரு துளி நீரில்லை. வெயிலில் வெடித்த சேற்றுப் பொருக்குகள் ஓடுகளைப்போல் வளைந்து கிடந்தன.

நண்பர் வண்டியை நிறுத்திவிட்டார். நாம் கீழே பார்த்துக்கொண்டிருக்க, அவர் வடக்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், அந்த மேசையின் மேலே வானத்தைப் பாரும்" என்றார். நம் தலைக்குமேல் வானம் நீலமாயிருந்தது. ஏழெட்டு மைலுக்கப்பால், நாம் இறங்கிவந்த சீடர் மேசையின்மேல், மையைக் கொட்டியதுபோன்ற ஒரு முகில் திரண்டிருந்தது. அதன் அடியிலே சாம்பல்நிறத் திரைகள் தொங்கின.

"அங்கே பெய்கிற மழை இங்கேதான் வரவேண்டும். அரை மணி நேரம் இருந்து பார்ப்போம்" என்றார் நண்பர். பாறைநிலம் மழையைக் குடிப்பதில்லை. பல சதுர மைலிலே விழுந்த நீரெல்லாம் ஒரு கணத்திலே ஓடி ஒரு சிற்றோடைக்குள் இறங்கும். அப்பாலைவனத்திலே தாகத்தால் இறப்பவர் மட்டுமல்லர், தண்ணீரில் மூழ்கி இறப்பவரும் உளர் என்பதை அவர் அப்போது விளக்கினார்.

பத்து நிமிடத்தின்பின் நமக்குப் பின்னே ஒரு கார் வந்து நின்றது. கணவன், மனைவி, பின்னாசனத்திலே இரண்டு சிறுவர். தந்தை இறங்கி வந்து ஓடையைப் பார்த்தார். நீரில்லையே, ஏன் நிற்கிறீர்கள் என்று வினவினார். நண்பர் முகிலைக் காட்டிக் காரணத்தைச் சொன்னார். அவர் சிரிக்கவுமில்லை, முழுதும் நம்பியதாகவும் தோன்றவில்லை. இருள்வதற்குமுன் விடுதியை அடையவேண்டுமே என்று மணிக்கூட்டைப் பார்த்தார். பின்னர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மையார் மெல்லத் தலையை அசைத்தார். கார் இயந்திரம் அணைக்கப்பட்டது. சிறுவர் இருவரும் இறங்கிவந்து நம் தலைக்கவசங்களைத் தூக்கிப் பார்த்து விளையாடினர்.

முதலில் வந்தது ஓசை. தொலைவிலே சரளைக்கல் ஏற்றிய லொறி ஒன்று கொட்டுவதுபோன்ற ஓசை. அடுத்து ஈரமண்ணின் மணம். அதன்பின் ஓடையின் வளைவிலே முழங்காலளவு உயரமான ஒரு சுவர் தோன்றிற்று. அது நீர்போலவே இல்லை. சுள்ளிகளும் வேர்களும் நுரையும் கலந்த செங்குழம்பு, அவசரமின்றி நடந்துவருவதுபோல் வந்து, பாதை கடக்கும் இடத்தை மூடிற்று. ஐந்து நிமிடத்துள் ஓடை கரைநிரம்பிச் சுழித்தது. முழுமரமொன்று வேரோடு உருண்டு சென்றது. அதனடியில் கற்கள் ஒன்றோடொன்று மோதும் அதிர்வு நம் காலணிகளின் ஊடாகத் தெரிந்தது.

சிறுவரின் தாய் இருவரையும் தோளோடு அணைத்துக்கொண்டார். தந்தை நண்பரின் கையைப் பற்றினார், நெடுநேரம் விடவில்லை. நன்றி என்ற சொல்லை அவர் சொன்னதாக நமக்கு நினைவில்லை. நாமிருவரும் வந்த வழியே திரும்பித் தார்வீதியை அடைந்தோம்; காரும் நம்மைத் தொடர்ந்தது. தேவர்கள் பள்ளத்தாக்கின் எஞ்சிய பதினைந்து மைலை நாம் காணவில்லை.

இவ்வாறு நில்லாதவர் கதைகளும் அந்நாட்டில் உண்டு. 1997 ஓகஸ்ட் 12 ஆம் நாள் பேஜ் நகரருகேயுள்ள அன்டிலோப் ஆற்றுக்குடைவிலே பதினொரு சுற்றுலாப் பயணிகள் வெள்ளத்தில் மாண்டனர். மழை பெய்ததோ பல மைலுக்கு அப்பால். 2015 செப்டெம்பர் 14 ஆம் நாளொன்றிலேயே, தென் யூட்டாவின் ஹில்டேல் ஊரில் பதின்மூவரும், அயலிலுள்ள சயன் பூங்காவின் ஓர் இடுக்கிலே எழுவரும் உயிரிழந்தனர்.

'தினே' மக்களின் நாடு

சான் குவான் ஆற்றைக் கடந்தால் நவஹோ நாடு. அம்மக்கள் தம்மைத் 'தினே' என்பர். மக்கள் என்பது அதன் பொருள். அமெரிக்காவின் பழங்குடியினருக்குரிய நிலப்பகுதிகளுள் மிகப் பெரிது அது. 27,000 சதுர மைலுக்கு மேற்பட்டது. நம் இலங்கையிலும் சற்றுப் பெரிது. 1864 இலே அமெரிக்கப் படை அவர்களைத் தம் மண்ணிலிருந்து பிடுங்கி, நூற்றுக்கணக்கான மைல் நடத்திச் சென்று, நியூ மெக்சிக்கோவின் கிழக்கிலே அடைத்து வைத்தது. பலர் வழியிலும் முகாமிலும் மாண்டனர். 1868 இல் ஓர் உடன்படிக்கை செய்து, எஞ்சியோர் தம் மண்ணுக்கு மீண்டனர். வெளியேற்றப்பட்ட பழங்குடியினர் தாம் பிறந்த மண்ணுக்கே திரும்பியது அமெரிக்க வரலாற்றில் அரிதான நிகழ்ச்சியாகும்.

அவர்தம் மொழிக்கும் ஒரு வரலாறுண்டு. அரசாங்க விடுதிப் பள்ளிகளிலே தாய்மொழி பேசிய நவஹோப் பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். அப்பள்ளிகளிற் படித்த இளைஞரையே இரண்டாம் உலகப்போரிலே அமெரிக்கக் கடற்படைவீரர் பிரிவு தேடிச் சென்றது. 1942 இலே 29 பேர் தம் தாய்மொழியைக் கொண்டு ஒரு குறிமுறையை ஆக்கினர். யப்பானியரால் அதனை உடைக்க முடியவில்லை. பேசாதே என்று அடித்த மொழியே நாட்டைக் காத்த மொழியாயிற்று. அச்செய்தியும் 1968 வரை இரகசியமாகவே வைக்கப்பட்டிருந்தது.

நினைவுச்சின்னப் பள்ளத்தாக்கு எனப்படும் இடத்தை நவஹோ அரசு 1958 முதல் தன் பூங்காவாக நடத்துகின்றது. சமவெளியிலே ஆயிரமடி வரை எழுந்து தனித்தனியே நிற்கும் செம்பாறைத் தூண்களைத் திரைப்படங்களிலே கண்ட வாசகர் பலராவர். அங்கே நமக்கு வழிகாட்டிய மூதாட்டியார் தம் மரபுவீட்டைக் காட்டினார். 'ஹோகன்' என்னும் அவ்வீட்டின் வாயில் கிழக்கு நோக்கியிருக்கும். விடியும் ஞாயிற்றை வரவேற்பதற்காம். அவ்வாயிலின் பக்கத்திலே நீலநிறப் பிளாஸ்ரிக் பீப்பாய்கள் வரிசையாக நின்றன. தண்ணீர் என்றார் அவர். வாரத்துக்கு இருமுறை அவருடைய மகன் சிறு லொறியிலே தாங்கியை வைத்துப் பல மைல் சென்று கொண்டுவருகிறாராம். நாம் தாகத்துக்குக் கேளாமலே அவர் ஒரு கோப்பை நிறைய வார்த்துத் தந்தார். அதை வாங்கிக் குடிப்பதற்குக் கை கூசிற்று; மறுப்பது அதனினும் கூச்சமாயிருந்தது. குடித்தோம்.

நவஹோ நாட்டு வீடுகளிலே நூற்றுக்கு முப்பது வரையிலானவற்றுக்குக் குழாய் நீர் இல்லை. நிலத்தடி நீரிலும் பலவிடங்களிலே நஞ்சுண்டு. 1944 முதல் 1986 வரை அம்மண்ணிலிருந்து ஏறக்குறைய 3 கோடி தொன் யுரேனியத் தாது தோண்டப்பட்டது. கைவிடப்பட்ட சுரங்கங்கள் 500க்கு மேல் உள்ளன. ஆபத்தை அறிவிக்காது சுரங்கத்தில் இறக்கப்பட்ட நவஹோத் தொழிலாளர் பலர் சுவாசப்பைப் புற்றுநோயால் மாண்டனர். நட்டஈட்டுச் சட்டம் 1990 இலேதான் வந்தது.

ஏட்டிலுள்ள தண்ணீர்

கயென்டாவிலிருந்து பேஜ் நகருக்கு ஏறக்குறைய நூறு மைல். அங்கே சேர்ந்ததும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னே வைத்தோம். கோடையிலே நவஹோ நாடு மணியை முன்வைக்கும். அதனைச் சூழ்ந்த அரிசோனா மாநிலம் வையாது. எல்லையைக் கடந்தால் நேரம் மாறும்.

பேஜ் நகரின் பக்கத்திலே கிளென் குடைவு அணைக்கட்டு, 710 அடி உயரத்திலே ஆற்றை மறித்து நிற்கின்றது. 1963 இலே அதன் கதவுகள் மூடப்பட்டன. பவல் நீர்த்தேக்கம் முற்றும் நிரம்புவதற்குப் பதினேழு ஆண்டு சென்றது. அதன் கரையிலே நின்றவர் கண்ணில் முதலிற் படுவது நீரன்று. செம்பாறையிலே வெள்ளையடித்ததுபோன்று நெடுகிலும் ஓடும் ஒரு பட்டை. முன்னாளிலே நீர் நின்ற உயரத்தை அது காட்டுகின்றது. 2023 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே நீர்மட்டம் நிறைநிலையிலிருந்து 180 அடி தாழ்ந்தது. நிரம்பிய காலந்தொட்டு அதுவரை அவ்வளவு தாழ்ந்ததில்லை.

ஏன் இவ்வாறாயிற்று என்று நண்பரைக் கேட்டோம். அவர் பொறியியலாளர், கணக்கிலிருந்தே தொடங்கினார். 1922 இலே ஏழு மாநிலங்கள் கூடி ஆற்று நீரைப் பங்கிட்டன. அதற்கு முந்திய சில ஆண்டுகள் வழக்கத்துக்கு மாறாக மழை மிகுந்தவை. அந்த ஆண்டுகளின் நீரையே என்றும் உள்ள நீரென்று கொண்டு, மேல்நாட்டுக்கும் கீழ்நாட்டுக்குமாகப் பகிர்ந்தனர். மெக்சிக்கோவின் பங்கு 1944 இலே சேர்ந்தது. ஏட்டிலே உள்ள தண்ணீர் ஆற்றிலே இல்லை. 2000 ஆம் ஆண்டின்பின் வறட்சியாலும் வெப்பம் மிகுந்தமையாலும் ஆற்றின் ஓட்டம் முன்னைய நூற்றாண்டின் சராசரியிலும் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைந்துவிட்டது. அதனை நம்பி வாழ்வோர் ஏறத்தாழ 4 கோடி மக்கள்.

1922 இலே பங்கிட்ட மேசையிலே பழங்குடியினர் எவருக்கும் ஆசனம் இருக்கவில்லை. 1868 உடன்படிக்கையின்படி தமக்குரிய நீரைப் பெற்றுத்தர அரசாங்கம் முன்வரவேண்டுமென நவஹோ மக்கள் வழக்காடினர். அத்தகைய கடமை அரசாங்கத்துக்கு இல்லையென 2023 ஜூனிலே அமெரிக்க உயர்நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கிலே தீர்ப்பளித்தது. அதைக் கேட்டபோது நீலப் பீப்பாய்களும் அந்தக் கோப்பையும் நம் நினைவில் எழுந்தன.

எச்சரித்தவர் இல்லாமலில்லை. அந்நீர்த்தேக்கத்துக்குப் பெயர் தந்த யோன் வெஸ்லி பவல், உள்நாட்டுப் போரிலே வலக்கையை இழந்தவர். 1869 இலே பத்துப் பேராக நான்கு படகிலே புறப்பட்டு, எவரும் படம் வரைந்திராத அவ்வாற்றின் குடைவுகளைக் கடந்து, அறுவராய்க் கரையேறினார். அந்நாட்டை அவர்போல் அறிந்தவர் அக்காலத்தில் இல்லை. உள்ள நிலத்துக்கெல்லாம் பாய்ச்சுவதற்குத் தண்ணீர் போதாது என்று 1893 இலே லொஸ் ஏஞ்சலிஸ் நகரிற் கூடிய நீர்ப்பாசன மாநாட்டில் அவர் எடுத்துரைத்தார். சபையோர் கூச்சலிட்டு அவரை இகழ்ந்தனர். அவர் தந்த எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு, அவர் பெயரை மட்டும் பின்னாளில் நீர்த்தேக்கத்துக்குச் சூட்டினர்.

விஷ்ணு கோயிலும் சிவன் கோயிலும்

நான்காம் நாள் பெரும் ஆற்றுக்குடைவின் தென்விளிம்பை அடைந்தோம். 277 மைல் நீளம். அகன்றவிடத்திலே 18 மைல் அகலம். ஆழம் ஒரு மைலுக்கு மேல். நாம் நின்ற விளிம்பு ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில், நுவரெலியாவினும் மேலேயுள்ளது. காலின்கீழ் இருந்த சுண்ணாம்புக்கல் 27 கோடி ஆண்டுகளுக்குமுன் கடலடியில் உருவானது. சிப்பிகளின் சுவடு அதில் உண்டு. கீழே, ஆறு பாயும் ஆழத்திலுள்ள கரும்பாறை 170 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அப்பாறைக்குப் பெயர் 'விஷ்ணு'!

வாசகர் வியப்படைதல் கூடும். 1880களிலே அங்கு ஆராய்ந்த கிளாரன்ஸ் டட்டன் என்னும் புவிச்சரிதவியலார், குடைவினுள்ளே கோபுரம் கோபுரமாக எழுந்து நிற்கும் குன்றுகளைக் கண்டு, கீழ்த்திசைக் கோயில்களின் பெயரையே அவற்றுக்கு இட்டார். விஷ்ணு கோயில், சிவன் கோயில் என்பன அவர் சூட்டிய பெயர்கள். பின்வந்தோர் அவ்வழியே பிரமன், இராமன், கிருஷ்ணன், மனு, புத்தர் என அடுக்கினர். சிவன் கோயில் என்னும் குன்றின் உச்சி நெடுங்காலமாகத் தனித்து நிற்பதால், வேறெங்குமில்லாத விலங்குகள் அங்கிருக்குமென எண்ணி, 1937 இலே நியூயோர்க் நூதனசாலையார் ஒரு குழுவை ஏற்றினர். உலகப் பத்திரிகைகளெல்லாம் ஆவலோடு காத்திருந்தன. அகப்பட்டவை அயலிலுள்ள சாதாரண எலி, அணில் முதலியனவே.

பெயரைக் கேட்டு மகிழ்வது எளிது. ஆனால் அவ்விளிம்பிலே நின்றபோது நம்மை ஆட்கொண்டது பெருமிதமன்று. ஒரு மைல் கீழே, பொழுதுபடும் வெளிச்சத்திலே நூலிழைபோல் ஆறு மின்னிற்று. இத்தனையையும் செதுக்கியது அந்த இழைதானா என்று நம்புதற்கு அரிதாயிருந்தது. அவ்விழையையே மனிதர் ஏழு மாநிலங்களுக்கும் இரு நாடுகளுக்குமாக அறுத்துப் பங்கிட்டிருக்கின்றனர். 1960கள் முதல் பெரும்பாலான ஆண்டுகளிலே அந்த ஆறு கடலைச் சேர்வதேயில்லை. மெக்சிக்கோவின் மணலிலே அது மறைந்துவிடுகின்றது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதனை மாணவர் மறவாதிருத்தல் நன்று. 2014 மார்ச்சிலே அமெரிக்காவும் மெக்சிக்கோவும் உடன்பட்டு, எல்லையிலுள்ள மொறலொஸ் அணையின் கதவுகளைத் திறந்து, எட்டு வாரம் ஆற்றை அதன் பழைய பாதையிலே ஓடவிட்டன. சான் லூயிஸ் நகரத்து மக்கள் காய்ந்த படுக்கையிலே திரண்டு, வரும் நீருக்காகக் காத்து நின்றனர். பெயரளவிலே மட்டும் ஆற்றூராயிருந்த அந்நகரின் சிறுவர், ஆற்றை முதன்முறையாகக் கண்டு அதனுள் இறங்கி விளையாடினர். மே மாத நடுவிலே நீர் கடலைத் தொட்டது. அதற்காகச் செலவானது ஆற்றின் ஓராண்டு நீரிலே நூற்றுக்கு ஒரு பங்கு அளவே.